மலையில் தீ, அடிவாரத்தில் வழக்கு

மார்ச் மாதத்து ராத்திரியில் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கத்து மொட்டைமாடியில் நின்று ஏற்காடு மலையைப் பார்த்தால், சில வருஷங்களில் சரிவின் குறுக்கே செவ்வந்தி மாலை போட்டது மாதிரி ஒரு கோடு தெரியும். அழகாக இருக்கும், கிட்டப் போகாதவரை. மறுநாள் காலை டீக்கடைக்கு வருவதற்குள் தீர்ப்பு எழுதி முடிந்திருக்கும். ஆடு மேய்க்கிறவன் புல்லுக்காகக் கொளுத்திவிட்டான் என்பது ஒரு கட்சி. பீடியைக் கிள்ளி எறிந்த சுற்றுலாக்காரன் என்பது இன்னொன்று. தீத்தடுப்புக் கோடு வெட்டாத வனத்துறை என்பார் ஒருவர், அதற்குப் பணம் ஒதுக்காத அரசு என்பார் அடுத்தவர். பருவநிலை மாற்றம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவரும் உண்டு.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல். தீ எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால் ஏன் எல்லாருமே பாதி சரியாக இருக்கிறார்கள் என்பதும் புரியும்.

தீயின் மூர்க்கத்தை அளக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ காய்ந்த சருகு எரிந்தால் சுமார் 18,000 கிலோஜூல் வெப்பம். ஒரு சதுர மீட்டரில் எத்தனை கிலோ சருகு எரிகிறது, தீ நொடிக்கு எத்தனை மீட்டர் முன்னேறுகிறது, இந்த மூன்றையும் பெருக்கினால் தீமுனையின் ஒவ்வொரு மீட்டரிலும் எத்தனை கிலோவாட் வெளிவருகிறது என்பது கிடைக்கும். சமதளக் காட்டில் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ சருகு, நிமிடத்துக்கு 1.2 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 0.02 மீட்டர். பெருக்கினால் 180 கிலோவாட். சுடர் முழங்காலுக்குச் சற்று மேலே எழும். நாலு பேர் பச்சைக் கிளையை ஒடித்து அடித்தே அணைத்துவிடலாம்.

அதே சருகு, அதே காற்று, ஆனால் 20 டிகிரி சரிவு. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சுடர் சரிவோடு சாய்ந்து, முன்னால் கிடக்கும் சருகைத் தொடுவதற்கு முன்பே காய்ச்சி வைத்துவிடுகிறது. ஆக வேகம் நான்கு மடங்கு, மொத்தம் 720 கிலோவாட். சுடர் ஆள் உயரத்தை எட்டும். கைக்கருவிகளோடு தீமுனைக்கு நேரே நின்று சமாளிக்கக்கூடிய எல்லை ஏறக்குறைய 350 கிலோவாட்தான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச் சரிவில் 20 டிகிரி என்பது சாதாரணம். தீயணைப்பு வண்டியோ மலைப்பாதையை விட்டு ஒரு அடி கூட நகர முடியாது. தண்ணீரைச் சுமந்து சரிவில் ஏறுவதும் ஆகிற காரியமில்லை. அதனால்தான் மேல்நோக்கி வரும் தீயை யாரும் எதிரே நின்று அடிப்பதில்லை. பக்கவாட்டில் அடித்துக்கொண்டே போய்க் குறுக்குவார்கள். இல்லையென்றால் மேட்டு முகட்டில் காத்திருந்து, அங்கிருந்து எதிர்த்தீ வைத்துக் கீழே இறக்குவார்கள். இறங்குகிற தீ சோம்பேறி.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, இது பெருக்கல், கூட்டல் இல்லை. சருகைப் பாதியாக்கினால், வேகம் அப்படியே இருந்தாலும், 720 என்பது 360 ஆகிவிடும். காற்று நின்றாலும் வேகம் குறைந்து எண் இறங்கும். பொறியே விழாவிட்டால் எல்லாமே பூஜ்யம். சேலத்துத் தறிக்காரரிடம் போய் இந்தப் புடவையில் பாவு எத்தனை சதவீதம், ஊடை எத்தனை சதவீதம் நெய்தது என்று கேட்டால் சிரிப்பார். இந்தத் தீயில் வனத்துறைக்கு 40, மேய்ப்பவருக்கு 30, வெயிலுக்கு 30 என்று பங்கு பிரிப்பதும் அதே ரகம். ஒவ்வொரு கட்சியும் பெருக்கலில் தனக்குப் பிடிக்காத ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அது பூஜ்யமாக இருந்திருந்தால் தீயே இல்லை என்று வாதாடுகிறது. வாதம் சரி. மற்ற எண்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வெயிலின் பங்கு பெரும்பாலும் சருகின் ஈரத்தில் ஒளிந்திருக்கிறது. 6 மில்லிமீட்டருக்கும் மெல்லியதான புல், இலை, குச்சி ஆகியவை சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஒத்துப்போய்விடும். விடிகாலையில் 12 முதல் 15 சதவீதம் ஈரம் இருந்த அதே சருகு மத்தியானம் இரண்டு மணிக்கு 5, 6 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காலையில் வைத்தால் புகைந்து அணைகிற தீ மத்தியானம் ஓடும். போதாக்குறைக்கு, சூடேறிய சரிவில் மத்தியானக் காற்று கீழிருந்து மேலே வீசும். சேலம் கடல்மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். இரண்டுக்கும் இடையே 8 டிகிரி வரை வெப்ப வித்தியாசம் வரும். மேலே ஏரிக்கரையில் சால்வை போர்த்தி நிற்பவருக்கு, கீழே வெக்காலியும் உசிலையும் தேக்கும் இலையுதிர்த்து நிற்கிற வறண்ட சரிவு எந்த நிலையில் இருக்கிறது என்பது உறைக்காது. தீ பிடிப்பது பெரும்பாலும் அந்தக் கீழ்ச்சரிவில்தான்.

அடுத்தது பொறி. முதலில் ஒரு பழைய குற்றவாளியை விடுவித்துவிடலாம். மூங்கில் உரசித் தீப்பிடித்தது என்ற விளக்கம் எல்லாருக்கும் வசதியானது, ஏனென்றால் மூங்கில் மேல்முறையீடு செய்யாது. மூங்கிலே இல்லாத சரிவில், அதுவும் சாலையோரத்திலும் ஒற்றையடிப் பாதையிலும் தொடங்கும் தீக்கு அது பொருந்தாது. மின்னலும் இங்கே பலவீனமான சந்தேக நபர். சேர்வராயனில் இடிமின்னல் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதக் கோடைமழையோடு வருவது. பிப்ரவரியின் தெளிந்த வானத்தில் பிடித்த தீயை அதன் தலையில் கட்ட முடியாது. மிச்சம் மனிதர்கள். ஆனால் அதிலும் அவசரம் கூடாது. வீசிய பீடித்துண்டு பத்தில் ஒன்பது தடவை சும்மா அணைந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கி, கங்கு நொறுங்கிய மெல்லிய சருகைத் தொட்டபடி விழுந்தால்தான் வேலை நடக்கும். சமைத்துவிட்டு மண் போடாமல் போன அடுப்பு, பட்டா நிலத்தில் வைத்துக் கைமீறிய தீ, சாலையோரம் கொளுத்திய குப்பை, மரத்தில் உரசும் மின்கம்பி ஆகியவை பீடியைவிட நம்பகமான சந்தேக நபர்கள்.

எங்கே தொடங்கியது என்பதைத் தடயத்திலிருந்தே படிக்க முடியும். தீ வேகமாக ஓடிய திசையில் மரத்தின் கரி ஒரு பக்கம் தாழ்ந்தும் மறுபக்கம் உயர்ந்தும் சாய்வாக ஏறியிருக்கும். பாறையிலும் கல்லிலும் தீ வந்த பக்கம் மட்டும் கருத்து அல்லது வெளுத்திருக்கும், மறைந்த பக்கத்தில் எரியாத புல் கூட மிஞ்சியிருக்கும். பின்வாங்கிப் பரவிய தீயில் புல்தண்டு அடியில் அறுபட்டு, தீ வந்த திசையைப் பார்த்தே சாயும். புலனாய்வாளர்கள் முன்னேறிய தீக்குச் சிவப்பு, பக்கவாட்டுக்கு மஞ்சள், பின்வாங்கியதற்கு நீலம் என்று சிறு கொடிகளை நட்டுக்கொண்டே வருவார்கள். சிவப்பு குறைந்து நீலமும் மஞ்சளும் நெருக்கமாகக் கலக்கும் இடம் வந்தால் பிறப்பிடம் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். பிறகு மண்டியிட்டுச் சல்லடை போட வேண்டியதுதான். இந்த இடம் சில சதுர மீட்டர்தான் இருக்கும். அணைக்க ஓடிவந்தவர்கள் முதலில் மிதித்து அழிப்பதும் இதைத்தான். அதனால்தான் பெரும்பாலான வழக்குகள் அடையாளம் தெரியாத நபர் என்பதோடு முடிகின்றன. அந்த வெற்றிடத்தில் அரசியல் வந்து உட்காருகிறது.

இப்போது புதிதாக ஒரு சாட்சி சேர்ந்திருக்கிறது, செயற்கைக்கோள். இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் அனுப்பும் தீ எச்சரிக்கைகளைக் காட்டி மேடையில் பேசுகிறார்கள். அந்தப் புள்ளியை எப்படிப் படிப்பது என்று சொல்வதில்லை. விர்ஸ் என்ற உணர்கருவியின் ஒரு கட்டம் பக்கத்துக்கு 375 மீட்டர் உள்ள சதுரம், அதாவது ஏறக்குறைய 35 ஏக்கர். மோடிஸ் கருவிக்கு ஒரு கிலோமீட்டர். வரைபடத்தில் தெரியும் புள்ளி அந்தக் கட்டத்தின் நடுமையம், தீ எரிந்த இடமல்ல. பட்டா நிலத்தில் விழுந்த புள்ளிக்குச் சொந்தமான தீ 150 மீட்டர் தள்ளிக் காப்புக்காட்டில் இருந்திருக்கலாம், மாறியும் இருக்கலாம். விர்ஸ் கடப்பது பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் இரவு ஒன்றரை மணியை ஒட்டியும்தான். மாலை நாலு மணிக்குப் பிடித்து ஒன்பதுக்கு அணைத்த தீ அதன் கணக்கில் நடக்கவே இல்லை. ஒரே பெரிய தீ மூன்று நாள் எரிந்தால் ஐம்பது புள்ளி வரும். போன ஆட்சியில் இத்தனை, இந்த ஆட்சியில் இத்தனை என்று புள்ளிகளை எண்ணுகிறவர்கள் தீயை எண்ணவில்லை.

வனத்துறை மேல் வரும் குற்றச்சாட்டு எரிபொருள் பற்றியது. தீத்தடுப்புக் கோடு என்பது 3 அல்லது 6 மீட்டர் அகலத்துக்குப் புல்பூண்டு வெட்டி, சருகைக் கூட்டி, அங்கேயே கட்டுக்குள் எரித்து மண் தெரிய விடுவது. கோடு போட்டார்களா என்ற கேள்வியோடு எப்போது போட்டார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ஜனவரியில் சுத்தம் செய்த கோட்டில் மார்ச் வரை இலை கொட்டிக்கொண்டே இருக்கும். மறுபடி கூட்டாவிட்டால் அது சருகு நிரம்பிய வாய்க்கால். நன்றாக இருக்கும் கோட்டையும் எரிகிற கட்டை ஒன்று உருண்டு தாண்டிவிடும். கோட்டின் வேலை தீயைத் தானாக நிறுத்துவதைவிட, ஆட்கள் நின்று அடிக்க ஒரு இடம் தருவதுதான். ஆள் இல்லாத கோட்டுக்கு மதிப்புக் குறைவு. சம்பளத்துக்கு ஆள் போடாமல் கோட்டுக்கு மட்டும் பணம் ஒதுக்கியதைச் சாதனையாகச் சொல்லும்போது இதை நினைவில் வைக்கலாம்.

உண்ணிச்செடி இன்னொரு தலைவலி. சருகுக்கும் மரக்கிளைக்கும் நடுவில் ஏணி மாதிரி நின்று தீயை மேலே ஏற்றிவிடும். எரிந்தாலும் வேரிலிருந்து துளிர்க்கும். தரையோடு வெட்டுவது வீண் கூலி. மண்ணுக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைப் பெயர்த்துத் தலைகீழாகப் போட வேண்டும். பிறகு இரண்டு மழைக்காலம் நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அரசு விசாரணை வைத்தது, அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிகளும் வந்தன. யார் கொளுத்தியது, யார் அனுமதித்தது என்ற சண்டையில் நாலாவது எண் ஒன்று தெரிந்தது: தீயின் பாதையில் மனிதர்கள் இருந்தது. காய்ந்த புல் மூடிய சரிவில், மத்தியானத்துக்குப் பிறகு, தீக்கு மேலே இருப்பதைவிட மோசமான இடம் கிடையாது.

அதே ஆண்டு நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்து 85 பேர் இறந்தார்கள். காட்டைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று அதிபர் ட்ரம்ப் மாநிலத்தைச் சாடினார். அந்த மாநிலக் காடுகளில் பாதிக்கு மேல் மத்திய அரசுக்கே சொந்தம் என்று பதில் வந்தது. பொறி வந்தது பிஜி அண்ட் ஈ என்ற மின்விநியோக நிறுவனத்தின் பழைய உயரழுத்தக் கம்பத்தில் தேய்ந்து அறுந்த ஒரு கொக்கியிலிருந்து. 2020இல் அந்த நிறுவனம் 84 மரணங்களுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சட்டம் கொக்கியோடு நின்றது. வராத இலையுதிர்கால மழை, பள்ளத்தாக்கில் அடித்த காற்று, வெளியேறப் போதாத சாலைகள் ஆகிய எதையும் கூண்டில் ஏற்ற முடியாது.

ஆஸ்திரேலியாவின் 2019–20 கோடைக் காட்டுத்தீயின்போது கொளுத்தியவர்களைப் பற்றிய பேச்சும் பலமாக ஓடியது. ஆனால் 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்த காஸ்பர்ஸ் மவுண்டன் தீயைத் தொடங்கியது மின்னல். 2019 அந்த நாட்டின் பதிவுகளிலேயே மிக வெப்பமான, மிக வறண்ட ஆண்டு.

2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் பாலிசேட்ஸ் பகுதி எரிந்தபோது தீயணைப்புக் குழாய்கள் சிலவற்றில் தண்ணீர் வரவில்லை. 44 கோடி லிட்டர் கொள்ளும் நீர்த்தேக்கம் பழுதுபார்ப்புக்காகக் காலியாகக் கிடந்தது, அரசியல்வாதிகளுக்கு அதுவே போதும். ஆனால் குழாய்க்கு அழுத்தம் தருவது மேட்டில் இருக்கும், தலா 38 லட்சம் லிட்டர் கொண்ட மூன்று தொட்டிகள். வழக்கத்தைப்போல நான்கு மடங்கு தண்ணீரை 15 மணி நேரம் தொடர்ந்து உறிஞ்சியதில் அவை நிரம்புவதைவிட வேகமாக வடிந்தன. நகரக் குழாய்கள் ஒன்றிரண்டு வீடு எரிவதற்காக அளந்து போட்டவை.

அந்தத் தீயின் பிறப்பிடம் பற்றி அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் 2025 அக்டோபரில் சொன்னது கவனிக்கத்தக்கது. ஜனவரி 1 அன்று அதே சரிவில் பிடித்து அணைக்கப்பட்ட சிறு தீ, வேர்களுக்குள் ஆறு நாள் கனன்று, காற்று வந்ததும் எழுந்தது என்கிறார்கள். முதலில் கொளுத்தியவரா, அணைந்ததாக நினைத்துத் திரும்பியவர்களா என்ற சண்டை உடனே தொடங்கியது.

சேர்வராயனிலும் இரண்டாம் நாள் தீ அப்படித்தான் வரும். முதல் நாள் தீயை அடித்து முடித்ததும் களைத்தவர்கள் இறங்கிவிடுவார்கள். செய்ய வேண்டியது மிச்சம் இருக்கும்: எரிந்த எல்லையை ஒட்டி உள்ளே பத்துப் பதினைந்து மீட்டர் அகலத்துக்குக் கட்டைகளைப் புரட்டி, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துச் சூடு பார்க்க வேண்டும். பொந்து மரத்துக்குள் மண் அள்ளிப் போட வேண்டும். கனலும் கட்டையைச் சரிவுக்கு நேராக விடாமல் குறுக்கே திருப்பி, கீழ்ப்பக்கம் சிறு குழி வெட்டி அண்டக் கொடுக்க வேண்டும். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, சருகு மிகக் காய்ந்திருக்கும் நேரத்தில், திரும்ப ஒரு சுற்று வர வேண்டும்.