பதினான்கு முறை படித்தவர்கள் ஏன் தோற்றார்கள்?

இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “தேர்வுக்கு முன் நோட்ஸை நான்கு முறை முழுதாகப் படித்துவிடுகிறேன். படிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. தேர்வறையில் இரண்டு வரிக்கு மேல் எழுத வரவில்லை. வல்லாரை மாத்திரை பலன் தருமா?”

வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், சோற்றுக்கு நன்றாக இருக்கும். உங்கள் நினைவாற்றலில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. எனக்குச் சந்தேகமெல்லாம் அந்த நான்கு முறையின் மீதுதான்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதனைகள் நடத்தி, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாடம் எளியதுதான்: சூரியனைப் பற்றி ஒரு பத்தி, கடல் நீர்நாயைப் பற்றி ஒரு பத்தி. ஒரு குழுவினர் நான்கு சுற்றுகளிலும் படித்துக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு குழுவினர் முதல் சுற்றில் மட்டும் படித்தார்கள். அடுத்த மூன்று சுற்றுகளிலும் பத்தியைப் பார்க்காமல், நினைவுக்கு வந்ததை வெற்றுத்தாளில் எழுதினார்கள். ஒரே சுற்றுக்குள் பத்தியைச் சில முறை படிக்க நேரம் இருந்ததால், முதல் குழுவினர் சராசரியாக 14 முறை பத்தியைப் படித்து முடித்திருந்தார்கள். இரண்டாம் குழுவினர் படித்தது மூன்று முறையைச் சற்றே தாண்டியது.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம் நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் அந்த 14 முறைக்காரர்கள்தான்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? இரண்டாம் முறை படிக்கும்போது சொற்கள் பழகிவிடுகின்றன, கண் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்த எளிமையை மூளை ‘தெரியும்’ என்று கணக்கில் எழுதிக்கொள்கிறது. பக்கத்தைப் பார்த்து அடையாளம் காண்பது ஒரு வேலை. பக்கம் இல்லாதபோது உள்ளேயிருந்து எடுத்துத் தருவது வேறு வேலை. தேர்வறை கேட்பது இரண்டாவதை. நாம் பயிற்சி செய்வதோ முதலாவதை.

இனி எனக்குப் பிடித்த இடம். ராபர்ட் பியோர்க், எலிசபெத் பியோர்க் என்ற உளவியலாளர் தம்பதியர் 1992-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். ஒவ்வொரு நினைவுக்கும் இரண்டு வலிமைகள் உண்டு என்கிறார்கள். அது எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது சேமிப்பு வலிமை. இந்த நொடியில் எவ்வளவு எளிதாகக் கைக்கு வருகிறது என்பது மீட்பு வலிமை. சற்றுமுன் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணுக்கு மீட்பு வலிமை அதிகம், சேமிப்பு வலிமை பூஜ்யத்துக்குப் பக்கம். சிறுவயதில் வீட்டிலிருந்த தரைவழித் தொலைபேசியின் எண்ணுக்கு நேர்மாறு: சட்டென்று வராது, யாராவது முதல் இரண்டு இலக்கத்தைச் சொன்னால் மிச்சம் தானாக வந்து விழும்.

சேமிப்பு வலிமை குறைவதே இல்லை, கூடத்தான் செய்யும் என்பது இவர்கள் கருத்து. நாம் மறதி என்று சொல்வது மீட்பு வலிமை மட்டும் சரிவதைத்தான். அது எந்த அளவுக்குச் சரிந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு, தேடி எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் சேமிப்பு வலிமையைக் கூட்டுகிறது. இப்போதுதான் படித்ததை உடனே திரும்பப் படித்தால் மீட்பு வலிமை உச்சியில் இருக்கிறது, கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. பாதி மறந்தபின், “அந்த இரண்டாவது விதி என்ன?” என்று திணறித் தேடும்போதுதான் வேர் இறங்குகிறது. அதாவது மறதி கற்றலுக்கு எதிரியல்ல, கூலி வாங்காத வேலைக்காரன். இதைவிட அழகான கோட்பாடு நினைவாற்றல் துறையில் இல்லை என்பேன்.

தேடிக் கிடைக்காவிட்டாலும் நட்டமில்லை. முயன்று தோற்றபின் உடனே விடையைப் பார்த்தால், முயலாமல் பார்த்ததைவிட நன்றாகப் பதிகிறது என்று 2009-இல் வந்த ஆய்வொன்று காட்டியது. ஆனால் விடையைப் பார்த்தே ஆகவேண்டும். பிழையாக எழுதியது அப்படியே தங்கிவிடக்கூடும்.

சிறுவயதில் அம்மாவிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பாடம் ஒப்பித்தோமே, அது இதே வேலைதான். கல்லூரிக்குப் போனதும் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று விட்டுவிட்டு, மஞ்சள் பேனாவால் கோடு போட ஆரம்பிக்கிறோம். ரோடிகரின் பல்கலைக்கழகத்திலேயே 177 மாணவர்களைக் கேட்டபோது, திரும்பப் படிப்பதாகச் சொன்னவர்கள் 84 சதவீதம்; பார்க்காமல் நினைவுகூர்ந்து பார்ப்பதாகச் சொன்னவர்கள் 11 சதவீதம்.

செட்டிபுண்ணியம் ஹயக்ரீவர் கோயிலில் பேனாவும் ஹால் டிக்கெட்டும் வைத்துப் பூசை செய்யும் மாணவர்களைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. அரை நாள் செலவு, கொஞ்சம் தைரியம். ‘நீங்கள் கண்ணால் கற்பவர், அவர் காதால் கற்பவர்’ என்று கட்டணம் வாங்கிப் பிரித்துத் தரும் பயிலரங்குகள்தான் கோபமூட்டுகின்றன. 2008-இல் ராபர்ட் பியோர்க் உட்பட நால்வர் இது பற்றிய ஆய்வுகளையெல்லாம் அலசி, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய சான்றில்லை என்று எழுதினார்கள். அறிவியல் உடை போட்ட மூடநம்பிக்கைக்குத் தீபாராதனைகூடக் கிடையாது, ரசீதுதான்.

ஆகவே வாசகருக்கு: ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். மூடிவைத்து எழுதுங்கள், திறந்து திருத்துங்கள். தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தால் ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதுங்கள். பழைய வினாத்தாளை முதல் நாளே எடுங்கள். கடைசி இரவுக்கு வைக்காதீர்கள்.

ஒரு கேள்வி எனக்கும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலுக்குள் தள்ளப்படும் மாணவர், தமிழில் நினைவுகூர்ந்து எழுதினால் ஆங்கிலத் தேர்வில் அந்தப் பலன் எவ்வளவு கிடைக்கும்? இதைச் சோதிக்க ஸ்கேன் கருவி வேண்டாம். ஒரு வகுப்பறை, தாள், ஒரு வாரப் பொறுமை போதும். கோடிகளில் மட்டுமே கணக்குப் பார்க்கும் ஆய்வு நிதி வழங்கும் குழுக்களின் கண்ணில் இவ்வளவு மலிவான ஆய்வு படுவதில்லை. பலன் கிடைக்கும் என்பது என் ஊகம். கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தமிழில் எழுதுபவருக்கு இன்னும் கூடுதலாக.