ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்: கழிவுநீர் வெளிவிடா முறை

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்று வழங்குவது ‘ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்’ என்பதன் சுருக்கம். சாயக்கழிவு நீரை ஆற்றிலோ நிலத்திலோ விடாமல் சுத்திகரித்து, மறுபடி சாயமேற்றவே பயன்படுத்துவது இதன் பொருள். சுருக்கியதில் ‘லிக்விட்’ விழுந்துவிட்டது. நாளிதழ்களும் ‘கழிவே இல்லாத தொழில்நுட்பம்’ என்று எழுதிவிடுகின்றன. அது தவறு. வெளியேறாதது நீர் மட்டுமே. உப்பும் சேறும் மிஞ்சும்.

‘டிஸ்சார்ஜ்’ என்பதன் இலத்தீன் வேருக்கு வண்டிச்சுமையை இறக்குதல் என்று பொருள். ‘ஜீரோ’ நம் ‘சூன்யம்’ அரபு வழியே இத்தாலிக்குப் போய் உருமாறியது. முழுத்தொடர் 1970களில் அமெரிக்காவில் எழுந்தது. கொலராடோ ஆற்றில் உப்பு ஏறியதால், மின்நிலையங்கள் உப்புநீரை ஆற்றில் விடாமல் ஆவியாக்கத் தொடங்கின. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறும் அதன் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் கெட்டதையொட்டிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இம்முறையை வற்புறுத்தியது; 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடவும் உத்தரவிட்டது.

இங்கும் சிக்கல் உப்புதான். சாயம் பருத்தியில் ஏற, லிட்டருக்கு 60 கிராம் உப்பு (சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ) என்று வைத்துக்கொள்வோம். கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்றால் 360 கிராம். ஒரு டன் துணிக்கு 360 கிலோ. இது துணியில் தங்காது, சாயநீரை வடிக்கும்போதும் அலசும்போதும் ஏறக்குறைய முழுவதும் கழிவுநீருக்கே வந்துவிடும். நுண்ணுயிர்த் தொட்டி கரிமக் கழிவைத் தின்னும், கரைந்த உப்பைத் தொடாது. அதனால்தான் அடுத்து, உப்பைத் தடுத்து நீரைக் கடத்தும் ஆர்.ஓ. சவ்வு தேவைப்படுகிறது. நிறம் நீக்கக் குளோரின் சேர்த்திருந்தால், சவ்வுக்கு முன் சோடியம் பைசல்பைட் இட்டு அதை முறித்தாக வேண்டும். இல்லையேல் பாலியமைடு சவ்வு அரித்துப்போகும். நீரின் கடினத்தன்மையைக் குறைக்காவிட்டால் சவ்வில் சுண்ணாம்புப் படிவு ஏறி அடைத்துக்கொள்ளும்.

சவ்வு ஒதுக்கும் உப்புநீரை ஆவிகலனில் வற்றவைத்துக் குளிர்விப்பார்கள். சோடியம் சல்பேட்டின் கரைதிறன் 32 டிகிரிக்குக் கீழே சட்டென்று சரிவதால் அது கிளாபர் உப்பு என்னும் நீரேறிய படிகமாகி இறங்கும், மீண்டும் சாயத்தொட்டிக்குப் போகும். சாதா உப்பின் கரைதிறனோ குளிரால் அதிகம் மாறாது. ஒரு பட்டறை சாதா உப்பும் இன்னொன்று கிளாபர் உப்பும் போட்டால், பல ஆலைகளின் கழிவுநீர் வந்துசேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டும் கலந்த ‘கலவை உப்பு’ மூட்டை மூட்டையாகத் தேங்கும். அதைச் சாயமேற்றப் பயன்படுத்த முடியாது, திறந்தவெளியில் கொட்டினால் மழையில் கரைந்து நிலத்தடிக்கே போகும். உறுப்பினர் ஆலைகள் எல்லாம் ஒரே உப்பைப் பயன்படுத்துவதே இதற்குச் சரியான வழி.

தமிழில் ‘பூஜ்ஜிய திரவ வெளியேற்றம்’ என்பது சொல்லுக்குச் சொல் வைத்தது. பொருள் உடனே பிடிபடாது. ‘கழிவுநீர் வெளிவிடா முறை’ என்பதே பொருத்தம்: வெளிவிடக் கூடாதது எது என்பது சொல்லிலேயே இருக்கிறது, உப்பும் சேறும் தீர்ந்துவிட்டதாகவும் அது சொல்வதில்லை. இதையொட்டிச் சவ்வைக் கடந்த ‘பெர்மியேட்’டை ஊடுநீர் என்றும், ‘ரிஜெக்ட்’டை ஒதுக்குநீர் என்றும் எழுதலாம்.