இம்யூனோதெரபி: வந்த பிறகு எதைத் தடுப்பது?

மாமாவுக்குப் பித்தநாளப் புற்று. முதலில் வெறும் மஞ்சள் காமாலை என்றுதான் நினைத்தோம். உசிலம்பட்டிப் பக்கம் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிற வீட்டுக்கெல்லாம் அலைந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். மதுரையில் ஒரு மருத்துவமனையில் கீமோவோடு இன்னொரு மருந்தும் ஏற்றப்போவதாகச் சொல்லித் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். தலைப்பு, ‘நோய்த்தடுப்பு சிகிச்சை’. மாமா கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏன் மாப்ள, வந்தப்புறம் என்னத்தத் தடுக்கப் போறாங்க?”

நியாயமான கேள்வி. உடம்பின் சொந்த எதிர்ப்பையே புற்றின்மேல் ஏவிவிடும் ‘இம்யூனோதெரபி’க்குச் செய்தித்தாளில், யூடியூபில், வாட்ஸப்பில் என்று இந்த மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் வலிக்கிறது.

சொல் வந்த வழி எளிது. லத்தீனில் ‘மூனஸ்’ என்றால் ஊருக்குச் செய்யவேண்டிய கடமை, வரி. அதிலிருந்து விலக்குப் பெற்றவன் ‘இம்யூனிஸ்’. நம் கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’ நிலம் போல. வரி தீண்டாதவனைக் குறித்த சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோய் தீண்டாதவனுக்கு வந்து சேர்ந்தது. ‘தெரபி’ கிரேக்கம், பணிவிடை, நம் ஊரில் சொல்வது போல் ‘பண்டுதம் பார்ப்பது’.

சரி, ‘நோய்த்தடுப்பு’ ஏன் தப்பு? தமிழில் தடுப்பது என்றால் வருமுன் நிறுத்துவது. கல்லீரல் புற்றுக்கு அப்படி ஒரு தடுப்பு உண்மையிலேயே இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிதான் அது. அந்த வைரஸ் கல்லீரலில் நெடுநாள் தங்கினால் புற்றுவரை கொண்டுபோய் விடும். ஊசிக்கும் ‘தடுப்பு’, புற்று வந்தவருக்கு ஏற்றும் மருந்துக்கும் ‘தடுப்பு’ என்றால் கேட்கிறவர் என்ன செய்வார்? எங்கள் தெருவில் ஒரு அக்கா, “அந்த ஊசிய எனக்கும் போடுவாங்களா தம்பி, வராம இருக்க?” என்றே கேட்டுவிட்டார்.

இதைவிடக் கொடுமை ‘நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் சிகிச்சை’. கொரோனா காலத்தில் ‘எதிர்ப்புச் சக்தி’ என்ற சொல்லை மிளகு ரசத்துக்கும் கபசுரக் குடிநீருக்கும் எழுதிக்கொடுத்துவிட்டோம். இப்போது மாமாவைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு பொட்டலத்தோடு வருகிறார்கள். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை சக்தி எதையும் கூட்டுவதில்லை. உடம்பில் எதிர்ப்பு அணுக்கள் ஏற்கனவே இருக்கின்றன. அவை சொந்த உடம்பையே தின்றுவிடாமல் இருக்க அவற்றுக்கு இயற்கையே ஒரு கட்டுப் போட்டு வைத்திருக்கிறது. புற்று அணு அந்தக் கட்டை இழுத்துப் பிடித்துத் தப்பித்துக்கொள்கிறது. மருந்து கட்டை அவிழ்க்கிறது. இதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. 2020இல் கல்லீரல் புற்றுக்கு அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் ஜோடிக்கும், 2022இல் பித்தநாளப் புற்றுக்குக் கீமோவோடு சேர்த்து துர்வாலுமாபுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கட்டு அவிழ்ந்த அணுக்கள் சில சமயம் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும், கல்லீரலையேகூட, பதம் பார்த்துவிடும். அப்போது மருத்துவர் ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்பை அடக்குகிறார். சக்தி கூடுவது நல்லதென்றால் எதற்கு அடக்க வேண்டும்? ‘கூட்டும்’ என்று எழுதியவரிடம் பதில் கிடையாது.

அந்தக் கட்டுக்கு ஆங்கிலத்தில் ‘செக்பாயிண்ட்’ என்று பெயர். அதை அவிழ்க்கும் மருந்துக்கு ‘இம்யூன் செக்பாயிண்ட் இன்ஹிபிட்டர்’. ஒரு இணையதளம் இந்த மருந்துப் பெயரைத் தமிழில் எழுதியிருந்தது: ‘நோய்த்தடுப்பு சோதனைச்சாவடி தடுப்பான்’. ஒரே தொடரில் இரண்டு தடுப்பு, நடுவில் சாவடி! லாரிக்காரர்தான் பயப்பட வேண்டும். இயந்திரம் மொழிபெயர்த்ததை ஒரு மனிதர் ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் போதுமே. மாமாவுக்கு நான் சொன்னது இது: வாடிவாசலில் மாட்டை விடும்போது மூக்கணாங்கயிற்றை அறுப்பார்கள் இல்லையா, அந்த வேலை. “அப்ப அவுத்துவிட்டவனையும் குத்தும்ல?” என்றார். பக்கவிளைவு என்றால் என்னவென்று துண்டறிக்கை இரண்டு பக்கத்தில் சொல்லாததை அவரே பிடித்துக்கொண்டார்.

வேறு சொற்களையும் பார்த்தேன். ஈழத்தில் எழுதும் ‘நிர்ப்பீடனம்’ பொருளில் சுத்தம். ஆனால் மதுரை வாய்க்குள் நுழையாது. பாடநூலில் வரும் ‘தடைக்காப்பு’ நல்ல ஆக்கம்தான். ஆனால் மருத்துவமனை வரிசையில் நிற்பவர் காதில் ‘காப்பு’ என்றாலே காப்பீட்டு அட்டைதான். தனித்தமிழ் அன்பர்கள் காவல் என்ற பொருளில் ‘ஏமம்’ என்பார்கள். எனக்கும் அந்தச் சொல்மேல் ஆசை உண்டு. குறள் நாட்டுக்கு அணியென்று எண்ணும் ஐந்தில் பிணியின்மையோடு ஏமமும் இருக்கிறது. ஆனால் புற்று வந்த மனிதரிடம் போய் ‘ஏம சிகிச்சை’ என்றால் ‘எம சிகிச்சை’ என்றல்லவா கேட்கும்?

ஆகவே என் கணக்கில் ‘எதிர்ப்பாற்றல் சிகிச்சை’. நோய் வேண்டாம், தடுப்பு வேண்டவே வேண்டாம், சக்தியும் வேண்டாம். எதிர்ப்பது, வந்தவனோடு மோதுவது. கட்டை அவிழ்க்கும் மருந்தைத் தனியே சொல்ல வேண்டுமானால் ‘எதிர்ப்பாற்றல் கட்டவிழ்ப்பி’. கொஞ்சம் நீளம்தான்; சாவடியைவிடப் பரவாயில்லை.

துண்டறிக்கையில் பேனாவால் அடித்துத் திருத்தி, காரணமும் ஓரத்தில் எழுதி வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து மாமாவுக்கு அடுத்த மருந்து ஏற்றப் போனபோது புதிதாக அச்சடித்து வைத்திருந்தார்கள்: ‘நோய்த்தடுப்புச் சிகிச்சை’. விட்டுப்போன ‘ச்’ மட்டும் சேர்ந்திருந்தது.