ஒரே பலகையில் பேங்கும் பெஞ்சும்

பினாங்கு லெபோ பந்தாயில் சார்ட்டர்ட் பேங்க் 1875இல் கிளை திறந்தது. ஹாங்காங் ஷாங்காய் பேங்க் 1884இல் வந்தது. அடுத்த தெருவில் கிட்டங்கி என்ற தங்கள் தொழிற்கூடங்களில் செட்டியார்கள் பாய் விரித்து, கைப்பெட்டியை முன்னால் வைத்து, தரையில் அமர்ந்தே லேவாதேவி நடத்தினார்கள். பிறப்பைப் பார்த்தால் பேங்க் என்ற பெயர் அவர்களுக்கு ஒட்டாது. அச்சொல்லின் பழைய பொருள் உட்காரும் பலகை.

மொழியியலாளர்கள் மீட்டெடுத்த ஜெர்மானிய வடிவம் 'பங்கிஸ்'. ஆங்கிலத்தில் அதன் இகரம் முன்னிருந்த அகரத்தை எகரமாக்கியது, ககரத்தைச் சகரமாக்கியது. அப்படிப் பிறந்ததுதான் பெஞ்ச். கன்னடத்துக் 'கிவி' நம்மிடம் 'செவி'யாக இருப்பதும் இதே வகை மாற்றம்: இகர எகரத்தின் பக்கத்தில் நிற்கும் ககரம் நாக்கின் முன்பகுதிக்கு நகர்ந்துவிடும். இத்தாலியருக்குப் போன கிளையில் இது நடக்கவில்லை, 'பங்கா'வாக நின்றது. நாணயம் மாற்றுவோர் காசு பரப்பிய பலகைக்கு அந்தப் பெயர். பிறகு தொழிலுக்கும் அதுவே பெயராகி, பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது.

ஆற்றங்கரையைக் குறிக்கும் பேங்க் வேறு வழியில், வட ஐரோப்பியரின் பேச்சிலிருந்து, பல தலைமுறை முன்பே வந்துவிட்டது. அகராதிகள் இரண்டையும் தனித்தனிப் பதிவாகப் போடுவது அதனால்தான். ஆனால் வேரில் இரண்டும் உறவு: கரையும் ஒரு மேடு, பலகையும் ஒரு மேடு. விமானம் திரும்பும்போது ஒரு பக்கம் சாய்வதையும் பேங்க் என்பது கரைச் சரிவிலிருந்து வந்தது. ரத்த வங்கி பணப் பக்கத்து உறவு. 1937இல் சிகாகோ மருத்துவர் பெர்னார்ட் ஃபான்டஸ் வைத்த பெயர்.

போர்த்துகீசியர் பெஞ்சுக்குச் சொன்ன 'பங்கோ' மலாய் மொழியில் 'பங்கு' ஆனது. ரயில்வே வேலைக்கு மலாயா வந்த யாழ்ப்பாணத்தார் பேச்சில் பெஞ்சுக்குப் பெயர் 'வாங்கு'. அதுவும் போர்த்துகீசியச் சரக்கே.

இங்கேதான் பலரும் வழுக்குவார்கள். கடையில் வாங்குவதற்கும் இந்த வாங்குக்கும் உறவில்லை. பங்குச்சந்தைப் பங்கு மலாய்ப் பெஞ்சின் பிள்ளை அல்ல. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துச் சொல்லும் பாங்கு பாரசீகச் சொல், பொருள் குரல். கையில் அணியும் வங்கியும் பணம் போடும் வங்கியும் எழுத்தில் மட்டும் ஒன்று. ஓசை ஒத்துப்போவது வெறும் சந்தேகத்துக்கே போதும். சொல் எந்த ஆண்டு, எந்த மொழி வழியாக வந்தது, அதே ஒலி மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே உறவு சொல்லலாம்.

திவாலைக் குறிக்கும் 'பேங்க்ரப்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இத்தாலியரின் 'பங்கா ரொத்தா', அதாவது உடைந்த பலகை, என்பதிலிருந்து வந்ததுதான். கடனை அடைக்காதவரின் பலகையை ஊரே கூடி அடித்து நொறுக்கியது என்ற கதை சுவையானது. 'உடைந்தது' என்பதை 'நொடித்துப்போனது' என்று கொண்டாலே போதும், கோடரி தேவையில்லை.