காதைத் தொடும் கையும் ஜூலை 31-ம் தேதியும்

பிறப்புச் சான்றிதழ் எல்லா வீட்டிலும் இல்லாத காலத்தில், ஒன்றாம் வகுப்பில் சேர்க்கத் தலைமையாசிரியர் வைத்த தேர்வு ஒன்றுதான். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் பெயர் பதிவேட்டில் ஏறும். எட்டாவிட்டால் "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க". இன்று சிரிப்போடு நினைவுகூரப்படும் இந்தச் சோதனையில் கொஞ்சம் உடற்கூறும் இருக்கிறது. பிறக்கும்போது குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான். மூளை முதல் ஆண்டுகளில் அவசர அவசரமாக வளர்ந்து, 6 வயதை ஒட்டிப் பெரியவர் மூளையின் அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. அதன்பின் தலை பெரிதாக வளராது. கையெலும்புகளோ நீண்டுகொண்டே போகும். அதனால் 3 வயதில் உச்சந்தலையோடு நின்றுவிடும் விரல்கள், 6 வயதுவாக்கில் மறுபக்கக் காதை எட்டிவிடுகின்றன.

இப்போது அந்த வேலையைக் காலண்டர் செய்கிறது. தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று 3 வயது முடிந்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு 5. காதைவிடத் தேதி நேர்மையானது, சந்தேகமில்லை. ஆனால் காது சோதனையில் இல்லாத ஒரு கோணல் இதில் உண்டு. ஆகஸ்ட் 1-ல் பிறந்த குழந்தையும் அடுத்த ஆண்டு ஜூலை 31-ல் பிறந்த குழந்தையும் ஒரே வகுப்பில் உட்காரும். ஒன்றுக்கு 48 மாதம், மற்றதற்கு 36. பெரியது சின்னதைவிட மூன்றில் ஒரு பங்கு வாழ்நாள் கூடுதலாகப் பார்த்துவிட்டது. ஆசிரியை கண்ணுக்கு ஒன்று 'ஷார்ப்', மற்றது 'மந்தம்'. உண்மையில் ஒன்று மூத்தது, மற்றது இளையது, அவ்வளவே.

இந்தப் பிழை மருத்துவர் அறைவரை போகிறது. அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ எல்லைத் தேதியாக வைத்த மாநிலங்களின் குழந்தைகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2018-ல் வந்தது. ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே இளையவர்களாக இருந்தவர்களில் 10,000-க்கு 85 பேருக்குக் கவனக்குறைவு மிகைத்துடிப்புக் குறைபாடு, அதாவது ஏ.டி.எச்.டி., இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தது. செப்டம்பரில் பிறந்து வகுப்பில் மூத்தவர்களாக இருந்தவர்களில் அது 64 பேர். ஒரு மாத இடைவெளியில் நோய் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடாது. கூடியது ஒப்பீட்டால் வந்த பார்வைக் கோளாறு.

ஆகவே ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த வருடமே எல்.கே.ஜி.யில் சேர்ப்பதா, ஒரு வருடம் காத்திருப்பதா என்று யோசிக்க வேண்டியவர்கள் மே, ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர். யோசிக்கும்போது முதலில் ஒதுக்க வேண்டியது, "ஏ முதல் இசட் வரை சொல்றான், நூறு வரை எண்றான்" என்ற சான்று. 3 வயதுக் குழந்தை பாட்டு மாதிரி எதையும் ஒப்பிக்கும். நூறு வரை சொல்லும் பிள்ளையிடம் "நாலு பிஸ்கட் எடு" என்று சொல்லிப் பாருங்கள். பல பிள்ளைகள் கை நிறைய அள்ளும். வகுப்பறை கேட்பது வேறு.

அதில் முக்கியமானதை மனதின் பிரேக் என்று சொல்லலாம். குழந்தை உளவியலில் புகழ்பெற்ற சீட்டுச் சோதனை ஒன்று இதைக் காட்டும். சிவப்பும் நீலமுமாக முயல், படகு படம் போட்ட சீட்டுகள். முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்வார்கள். 3 வயதுக் குழந்தை அழகாகப் பிரிக்கும். பிறகு "இனி நிறம் வேண்டாம், படத்தைப் பார்த்துப் பிரி" என்பார்கள். பெரும்பாலான 3 வயதினர் நிறப்படியே போட்டுக்கொண்டிருப்பார்கள். "முயல் எங்கே போகணும்?" என்று கேட்டால் சரியான இடத்தைக் காட்டுவார்கள், ஆனால் கை பழைய வழியிலேயே போகும். விதி தெரிகிறது, பழைய விதியை நிறுத்தத்தான் முடியவில்லை. 5 வயதில் பெரும்பாலோர் மாற்றிக்கொள்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி அந்த இரண்டு ஆண்டுகளில் முதிர்வதுதான் காரணம். வீட்டிலேயே பார்க்கலாம்: இரு நிறத்தில் பெரிதும் சிறிதுமாகப் பாட்டில் மூடிகள் எடுத்து, ஆறு முறை நிறப்படி, பிறகு அளவுப்படி. 3 வயதுப் பிள்ளை தடுமாறினால் கவலை வேண்டாம், அது இயல்பு. "பாட்டு முடிஞ்சது, நோட்டை எடு" என்றதும் அசையாமல் பாடிக்கொண்டே இருக்கும் பிள்ளை அடம்பிடிக்கவில்லை என்பது இதைப் பார்த்தால் புரியும்.

அடுத்தது கை. மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள். பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்பு, ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகும். 3 வயதுப் பிள்ளையின் எக்ஸ்ரேயில் ஏறக்குறைய மூன்றோ நான்கோதான் தெரியும். ஏழு தெரிய 6 வயதுபோல் ஆகும். கடைசி ஒன்று 8 வயதுக்குப் பிறகு. பிடியும் அப்படியே படிப்படியாக வரும்: 2 முதல் 3 வயதில் பென்சிலை எல்லா விரலாலும் மேலிருந்து கவ்விப் பிடித்து, தோளிலிருந்து கையை ஆட்டி எழுதும், மூன்று விரலில் பிடித்து விரலை மட்டும் அசைப்பது 4½ முதல் 6 வயதில். வரையும் வடிவங்களுக்கும் வரிசை உண்டு. வட்டம் 3 வயதில், கூட்டல் குறி 4-ல், சதுரம் 4½-ஐ ஒட்டி, முக்கோணம் 5-க்குப் பிறகு. சாய்கோடுதான் எல்லாவற்றிலும் கடினம். எல்.கே.ஜி. மிஸ்கள் ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் முடித்து ஸ்லாண்டிங் லைனுக்கு வரும்போது பாதி வகுப்பு திணறுவது இதனால்தான். நேர்கோட்டில் அடங்கும் ட, ப முன்னால் வரலாம். சுழித்து வளைத்து ஏறும் அ-வை 36 மாதப் பிள்ளையிடம் நோட்டில் பக்கம் பக்கமாகக் கேட்டால், பென்சிலை முறுக்கிப் பிடிக்கும் பழக்கம் படிந்துவிடும், பின்னால் மாற்றுவது பெரும்பாடு. விஜயதசமிக்குத் தாம்பாளத்தில் அரிசி பரப்பி விரலால் எழுத வைப்பது இந்த வயதுக் கைக்குப் பொருத்தமான வேலை, பிடியே தேவையில்லை.

சிறுநீர்ப்பை பற்றி யாரும் பேசுவதில்லை. அதன் கொள்ளளவுக்கு எளிய கணக்கு: வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் மில்லிலிட்டர். 3 வயதுக்கு 120, ஒரு சின்ன டம்ளர். காலையில் வேன் ஒரு மணி நேரம், வகுப்பு ஒன்றரை மணி நேரம் என்றால் டம்ளர் நிறைந்துவிடும். பிள்ளைக்கு மூன்றும் வர வேண்டும்: முட்டுகிறது என்று உணர்வது, அறிமுகமில்லாத மிஸ்ஸிடம் சொல்வது, உடையைத் தானே இறக்குவது. பெல்ட்டும் கொக்கியும் வைத்த யூனிஃபார்ம் மூன்றாவதைக் கெடுக்கும், எலாஸ்டிக் போதும். சொல்லத் தெரியாத பிள்ளை சிறுநீரையும் மலத்தையும் அடக்கும். அடக்க அடக்க மலச்சிக்கல் வரும், பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்றும் வரும். டிபன் பாக்ஸும் இதே கதை. சாப்பாடு அப்படியே திரும்பி வந்தால் முதலில் மூடியைத் திறக்க வருகிறதா என்று பாருங்கள், பசியைப் பிறகு விசாரிக்கலாம்.

பேச்சில், 3 வயதுப் பிள்ளை சொல்வதில் முக்கால்வாசி வெளியாருக்குப் புரிய வேண்டும்; 4-ல் அநேகமாக எல்லாமே. அம்மா மொழிபெயர்த்தால்தான் புரியும் என்றால் சேர்ப்பதற்கு முன் காதைப் பரிசோதிப்பது நல்லது. சைகை இல்லாமல், "செருப்பை ஓரமா வச்சுட்டு தண்ணி பாட்டிலை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் நடக்க வேண்டும். தூக்கம் 3 முதல் 5 வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். 7.30 வேனுக்கு 6.30-க்கு எழ வேண்டிய பிள்ளை, மதியம் தூங்காவிட்டால் இரவு 8 மணிக்கே படுத்திருக்க வேண்டும். பத்தரைக்குத் தூங்கும் வீடு என்றால் மாற்ற வேண்டியது வீட்டு நேரம்.

சரி, ஒரு வருடம் தள்ளிப்போட்டால்? டென்மார்க்கில் ஓராண்டு தாமதமாகப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு 11 வயதில் கவனச்சிதறலும் துறுதுறுப்பும் 73 சதவீதம் குறைந்திருந்ததாக 2015-ல் ஓர் ஆய்வு கண்டது. நார்வேயில் 2011-ல் வெளியான ஆய்வோ, 18 வயதில் ராணுவத்துக்காக எடுக்கப்பட்ட அறிவுத்திறன் தேர்வில் சேர்ந்த வயதால் வித்தியாசம் மிகச் சிறியது, அதுவும் சீக்கிரம் சேர்ந்தவர் பக்கமே சாய்ந்தது என்றது. முரண்போலத் தெரியும், ஆனால் முன்னது நடத்தையை அளந்தது, பின்னது அறிவுத்திறனை. டென்மார்க் பிள்ளைகள் காத்திருந்த வருடத்தை விளையாட்டு நிறைந்த மழலையர் கூடத்தில் கழிக்க முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கைப்பேசியோடு சோபாவில் கழியும் வருடத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஊரில் அங்கன்வாடி இருந்தால் அதுவே நல்ல இடைவழி.

தள்ளிப்போட விலையும் உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 சதவீத இலவச இடத்தில் எல்.கே.ஜி. கேட்க, ஜூலை 31 அன்று 3 முடிந்து 4 முடியாமல் இருக்க வேண்டும். ஒரு வருடம் தள்ளினால் அந்த வாசல் மூடிவிடும். கேந்திரிய வித்யாலயாவில் கணக்கே வேறு: ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 முடிந்திருக்க வேண்டும். 2021 ஜூலை 10-ல் பிறந்த பிள்ளை, தமிழ்நாட்டு விதிப்படி 2026 ஜூனில் ஒன்றாம் வகுப்பு போகலாம். கேந்திரிய வித்யாலயாவில் 2028 ஏப்ரலில்தான். பணிமாறுதல் வரக்கூடிய குடும்பம் எல்.கே.ஜி. படிவம் வாங்கும்போதே இதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

குறைமாதக் குழந்தைக்குத் தனிக் கணக்கு. ஆகஸ்ட் 15-ல் பிறக்க வேண்டியது ஜூன் 20-ல் பிறந்தால், எட்டு வார அவசரத்தால் ஒரு முழுப் பள்ளி ஆண்டு முன்னால் தள்ளப்படும். சான்றிதழில் ஜூன்தான் இருக்கும். சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கையில் மருத்துவர் குறித்த பிரசவ தேதியிலிருந்து மாதங்களை எண்ணுங்கள்.

கடைசியாக ஒன்று, பள்ளியில் கேட்க வேண்டியது. கட்டணப் பட்டியலுக்கு முன், போன வருட எல்.கே.ஜி. பிள்ளையின் நோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஜூலைப் பக்கத்தைத் திருப்புங்கள். கிறுக்கலும் வண்ணமும் ஒட்டிய காகிதமும் இருந்தால் ஜூன் மாதப் பிள்ளையையும் தயங்காமல் விடலாம். வரிவரியாக எழுத்தும் சிவப்பு மைத் திருத்தமும் இருந்தால், அங்கே 42 மாதத்துக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்ப்பதைத் தவிர்ப்பது நல்லது.