மைக்ரோபயோம்: நுண்ணுயிர்க்குடி

ஓரிடத்து நுண்ணுயிர்களையும் அவை வாழும் இடத்தையும் சேர்த்துச் சொல்வது 'மைக்ரோபயோம்'. அதை ஜீனோம் (மரபணுத் தொகுதி) போல, நுண்ணுயிரைக் குறிக்கும் 'மைக்ரோப்' உடன் தொகுதியைக் குறிக்கும் 'ஓம்' சேர்ந்த சொல்லாக எண்ணுவோர் உண்டு. மைக்ரோ, பயோம் என்றே பிரித்துப் பார்க்கலாம். 'பயோம்', ஓரிடத்து உயிர்க்கூட்டத்தைக் குறிக்க அமெரிக்கச் சூழலியலாளர் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916இல் முன்வைத்த சொல். பாலைவனம், மழைக்காடு என்று இன்று நிலத்தோடு சேர்த்தே அதைப் பேசுகிறோம். மைக்ரோபயோம் என்ற சொல்லை 2001இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் உருவாக்கினார் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். ஆனால் 1988இலேயே விப்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் நுண்ணுயிர்களோடு அவை இயங்கும் களத்தையும் சேர்த்து அச்சொல்லுக்கு வரையறை தந்துவிட்டார்கள்.

அந்தக் களத்தை ஏன் விடக்கூடாது என்பதற்கு எறும்பே சாட்சி. நம் கட்டெறும்பு சேர்ந்த கேம்போனோட்டஸ் பேரினத்தையே எடுத்துக்கொள்வோம். ஃபுளோரிடாவில் வாழும் அதன் உறவு இனம் ஒன்று, இரை உண்டதும் வயிற்று நுனியை வாய்வரை வளைத்து, அங்கே சுரக்கும் ஃபார்மிக் அமிலத்தை நக்கி விழுங்குகிறது. தீனிப்பை புளித்துப்போகிறது. உணவோடு வந்த நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அங்கேயே மடிகின்றன. அமிலம் தாங்கும் பாக்டீரியாக்கள் தப்பிக் குடலுக்குள் செல்கின்றன. இதே பேரினத்தின் குடல் செல்களுக்குள் பிளாக்மேனியா என்ற பாக்டீரியாவும் வாழ்கிறது. தாயிடமிருந்து முட்டை வழியே வரும் அது, எறும்புக்கு அமினோ அமிலங்களைத் தயாரித்துக் கொடுக்கிறது. வெளியே மண் மாறினாலும் அதற்குக் கவலையில்லை.

எல்லா எறும்புக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது. பெரு நாட்டு மழைக்காட்டில் மர உச்சியில் மேயும் சில இனங்களின் உடலில் பாக்டீரியாக்கள் நிறைந்திருக்க, தரையில் திரியும் பல இனங்களில் மிகக் குறைவாகவே இருந்தன. அப்படிப்பட்டவற்றில் தென்படும் பாக்டீரியாக்களில் மண்ணிலிருந்தும் இரையிலிருந்தும் ஒட்டிக்கொண்டு வந்த வழிப்போக்கர்களும் இருக்கக்கூடும்.

தமிழில் 'நுண்ணுயிரியம்' என்ற சொல் புழங்குகிறது. குறையொன்றும் இல்லை, ஆனால் இடம் அதில் தெரியவில்லை. 'நுண்ணுயிர்க்குடி' என்பதே என் தேர்வு. 'குடி' வீட்டையும் ஊரையும் குறிக்கும், அங்கே வாழ்பவரையும் குறிக்கும். (மதுவை நினைப்பவர்களுக்கு மன்னார்குடியை நினைவூட்டலாம்.) உயிரிகளை மட்டும் சுட்டும் 'மைக்ரோபயோட்டா'வுக்கு 'நுண்ணுயிர்த்தொகை' போதும். எறும்பின் குடலில் எத்தனை வகைப் பாக்டீரியாக்கள் என்று எண்ணினால் அது தொகை. தீனிப்பையின் புளிப்பையும் சேர்த்துப் பேசினால் குடி.