வழுக்கினால்தான் பிடிக்கும்

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “நம்ம பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்துல சாரதி கெட்டிக்காரனா இருந்தா வண்டி முந்தும், ஒத்துக்கிறேன். கார் பந்தயத்துல கார்தானே ஜெயிக்குது? ஓட்டுறவன் என்ன பெருசா கிழிச்சுட்டான்? நீங்க என்னடான்னா ஒரு தடவைகூட ஜெயிக்காதவனையெல்லாம் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறீங்க.”

கடைசி வரி என்னைக் குத்தவென்றே எழுதியது. ஆமாம், ஆடுகிறேன். நிக் ஹைட்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர் 183 ஃபார்முலா 1 பந்தயங்கள் ஓட்டினார். பதின்மூன்று முறை முதல் மூவரில் ஒருவராக மேடை ஏறினார். ஒருமுறைகூட முதலிடம் இல்லை. அவர் படத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ தூரத்துச் சொந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்விக்கு வருவோம். கார்தான் ஜெயிக்கிறது என்பது பாதி சரி. மீதிப் பாதி, கார் தரையைத் தொடும் நான்கு இடங்களில் நடக்கிறது. உங்கள் வீட்டுக் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சக்கரமும் ரோட்டைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். ஓடுவது, நிற்பது, திரும்புவது எல்லாம் அந்த நாலு உள்ளங்கைகளின் தயவு.

பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்: உராய்வு விசை எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல. மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டைக்கு இது கிட்டத்தட்டச் சரி. ரப்பர் இந்தப் பேச்சைக் கேட்காது. அது ஜல்லிக் கற்களின் மேடுபள்ளத்துக்குள் பிதுங்கி இறங்கும், கல்லோடு ஒட்டவும் செய்யும். எடையை இரண்டு மடங்காக்கினால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, கொஞ்சம் குறைச்சலாகத்தான் கூடும். பந்தயக் காருக்கு அகலமான டயர் போடுவது இதனால்தான். இது போதும், நான் சொல்ல ஆசைப்படுவது வேறு.

துணி தேய்க்கும் பிரஷ் ஒன்றை எடுத்துத் துவைகல்லில் வைத்து அழுத்துங்கள். அப்படியே மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளுங்கள். பிரஷ் உடனே வழுக்காது. முதலில் நார்கள் வளையும். நாரின் நுனி கல்லைப் பிடித்தபடி நிற்க, கட்டை மட்டும் நகரும். இன்னும் தள்ளினால் நார்கள் இன்னும் வளைந்து உங்கள் கையை எதிர்த்துத் தள்ளும். ஒரு கட்டத்தில் சரக்கென்று நழுவும்.

டயரும் அப்படித்தான், உருளுகிற பிரஷ். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் ஒரு திசையைப் பார்க்கிறது, கார் சற்றே வேறு திசையில் போகிறது. உள்ளங்கையின் முன்விளிம்பில் ரப்பரின் ஒரு துளி ரோட்டைத் தொட்டு ஒட்டிக்கொள்கிறது. சக்கரம் உருள உருள அந்தத் துளி பின்னோக்கிப் போகிறது, போகப் போகப் பக்கவாட்டில் இழுபட்டு வளைகிறது. அந்த வளைவுதான் காரைத் திருப்பும் விசை. பின்விளிம்பை நெருங்கும்போது தாங்க முடியாமல் ஒட்டு விட்டு வழுக்குகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம், தொடும் நீளம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒட்டி, வளைந்து, வழுக்கி விடுபடும் இந்த முழு வாழ்க்கையும் ஒரு நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்குக்குள் முடிந்துவிடும்.

ஆக, வளைவில் நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும் டயரிலும் பின்பகுதி வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. துளிகூட வழுக்காத டயர் துளிகூட வளையாத டயர். வளையாவிட்டால் விசை ஏது? ஸ்டீயரிங்கை மேலும் திருப்பினால் வழுக்கும் பகுதி பின்னாலிருந்து முன்னோக்கி ஊர்ந்து வரும். உள்ளங்கை முழுவதையும் அது விழுங்கிவிட்டால் கார் கையைவிட்டுப் போயிற்று.

இனி வருவதுதான் என்னைத் தூங்கவிடாத சமாச்சாரம். நார்கள் பின்பக்கம் அதிகம் வளைந்திருப்பதால், விசையின் மையம் உள்ளங்கையின் நடுவில் இல்லாமல் சற்றுப் பின்னால் விழுகிறது. நடுவுக்குப் பின்னால் விழும் விசை சக்கரத்தை நேராக்கப் பார்க்கும். வளைவில் ஸ்டீயரிங் உங்கள் கையை எதிர்த்து முறுக்குகிறதே, அதில் பெரும்பங்கு இதுதான். (முன்சக்கரம் சாய்த்துப் பொருத்தப்பட்டிருப்பதால் வரும் கனமும் உண்டு. அதை இப்போதைக்கு ஒதுக்கிவிடுகிறேன்.) வழுக்கும் பகுதி முன்னோக்கி வளர்ந்தால் என்ன ஆகும்? பின்பக்க நார்கள் கைவிடுகின்றன, முன்பக்க நார்கள் சுமையை ஏற்கின்றன, விசையின் மையம் நடுவை நோக்கி நகர்கிறது. மொத்த விசை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே முறுக்கம் இறங்கத் தொடங்கிவிடுகிறது.

அதாவது பிடிப்பு உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே ஸ்டீயரிங் லேசாகிவிடும். விழப்போகிறாய் என்ற சேதி விழுவதற்கு முன்னாலேயே கைக்கு வந்துவிடுகிறது. யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல, ரப்பரின் குணத்திலிருந்து தானாக விளைந்தது. பின்சக்கரத்துக்கு ஸ்டீயரிங் இல்லை, அதன் சேதி இடுப்பு வழியாக வரும்.

இந்தச் சேதி எல்லோர் கைக்கும் வருகிறது. வந்தவுடன் பாதி ஓட்டுநர்கள் இன்னும் திருப்புவார்கள், டயர் ஊளையிடும், புகை வரும், கூட்டம் கை தட்டும். வழுக்கினால் சூடு, சூடேறினால் ரப்பர் இளகும், அடுத்த வளைவில் பிடிப்பு இன்னும் குறையும். ஸ்டீயரிங் லேசாகத் தொடங்கும் அந்த விளிம்பிலேயே சுற்றுக்குச் சுற்று உட்கார்ந்திருப்பவரின் கார் தொலைக்காட்சியில் தண்டவாளத்தில் போவதுபோல் தெரியும். “மெதுவாப் போறான்” என்பார்கள். இவர்களுக்குப் பேர் கிடைக்காததன் காரணம் எனக்கு இதுதான்: திறமை முழுக்க டயருக்கு அடியில், கேமரா போகாத இடத்தில் இருக்கிறது.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2005 ஐரோப்பிய கிராண்ட் ப்ரீயைப் பாருங்கள். அந்த வருடம் ஒரு வினோத விதி, புறப்படும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர். முன்னிலையில் இருந்த கிமி ரைக்கோனன் ஒருமுறை பிரேக்கை அதிகம் அழுத்திவிட்டார். உருளாமல் நின்ற சக்கரத்தில் ஒரே இடம் தேய்ந்து தட்டையாயிற்று. அந்தத் தட்டை சுற்றுக்குச் சுற்று தட்டித் தட்டி, கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனையே முறித்தது.

அதே வருடம்தான் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1-இல் நுழைந்தார். அமெரிக்காவின் இந்தியானாபோலிஸில் சாய்வான 13ஆம் வளைவின் சுமையை மிஷலின் டயர்கள் தாங்காது என்று தெரிந்து, அந்த டயர் போட்ட 14 கார்களும் பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றோடு ஒதுங்கின. மிச்சம் ஆறு. நரேன் நாலாவது, 5 புள்ளிகள். “ஆறு பேருல நாலாவது” என்று இன்றும் சிரிக்கிறார்கள். அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் 73 சுற்றுப் பந்தயத்தை, வரிசையின் கடைசிப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு காரில், அதே ஒரே செட் டயரில் முடித்திருக்கிறார். சிரிப்பவர்கள் தங்கள் பைக் டயரை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுச் சிரிக்கலாம்.

மழை வந்தால் இந்தச் சேதி இன்னும் மெல்லியதாகும். எங்கள் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுப்பதால் முகம் பார்க்கலாம்போல் பளபளக்கும். மழைநாளில் முற்றத்துச் சாரல் அதில் பட்டால், “டேய், விரலை ஊனி நட” என்று அப்பத்தா உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார். முற்றத்துக் கருங்கல்லில் அதே தண்ணீரில் ஓடலாம். வழவழப்பான பரப்பில் தண்ணீர் ஒரு படலமாக நடுவில் புகுந்து ஒட்டைக் கெடுக்கிறது. சொரசொரப்பான கல் அந்தப் படலத்தைக் குத்திக்கொண்டு மேலே வருகிறது. பந்தயத் தடத்திலும் எல்லோரும் ஓடி ஓடி ரப்பர் பூசிய வழக்கமான பாதை, மழையில் ஆத்தங்குடிக் கல்லாகிவிடும். கெட்டிக்காரர்கள் விலகிப்போய்க் கருங்கல்லைத் தேடுவார்கள்.

நிகோ ஹுல்கன்பெர்க் அப்படிப்பட்ட ஆள். 2010இல், முதல் வருடத்திலேயே, பிரேசிலில் காய்ந்துகொண்டிருந்த ஈரத் தடத்தில், தகுதிச்சுற்றில் அடுத்தவரைவிட ஒரு நொடிக்கும் மேல் வேகமாக ஓட்டி முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். அந்த வருட முடிவிலேயே இருக்கை போயிற்று. மேடையேற அவருக்கு 2025 வரை ஆனது: மழை விட்டுவிட்டுப் பெய்த இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் 19ஆவது இடத்திலிருந்து கிளம்பி மூன்றாவது. அவருடைய 239ஆவது பந்தயம். காரைக்குடியில் அன்று இனிப்பு கொடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டயர் பிடிப்பு பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆயுத பூஜை முடிந்த ராத்திரி, கோட்டையூர் ரோட்டில் யாரோ உடைத்துப் போட்ட பூசணிக்காயில் என் பைக் வழுக்கி, முழங்கை தோல் உரிந்தது. பூசணிச் சதைக்கு வண்டியின் திருஷ்டியைக் கழிக்கத் தெரியுமோ தெரியாது, நாரையும் கல்லையும் பிரிக்க நன்றாகத் தெரியும். சக்கரத்துக்கு அடியில் வைக்கும் எலுமிச்சை பரவாயில்லை, ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும். நடுரோட்டுப் பூசணி விபத்தைத் தடுக்கும் சடங்கல்ல, விபத்து.

இன்னொன்று. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 நடந்தபோது, செலவு தேவையா என்று பெரிய சண்டை. எனக்குப் பந்தயத்தில் வருத்தமில்லை, என் ஆசை வேறு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துத்தான் காரைக்குடிக்குச் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. இன்றைய பணக்காரர் யாராவது நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் டயரை ஓடவிட்டு அளக்கும் சோதனை டிரம் வாங்கிப் போட்டால், அந்த வளையும் நார்களைப் பிள்ளைகள் எண்களாகவே பார்ப்பார்கள்.

பள்ளத்தூர் வாசகரின் கடிதம் வந்த வாரம், பெரிய மாட்டுப் பந்தயங்களில் ரொம்ப நாள் ஓட்டி ஓய்ந்த ஒரு சாரதியைப் பார்க்கப் போனேன். நாரும் பிரஷும் பற்றி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு திண்ணையில் கிடந்த கயிற்றை எடுத்து, இறுக்கிப் பிடிக்காமல், இரண்டு விரலுக்கு நடுவில் தொங்கவிட்டுக் காட்டினார்.

“இறுக்கிப் புடிச்சா ஒண்ணும் தெரியாது தம்பி. மாடு கால் மாத்தறதுக்கு முன்னாடி கயிறு லேசாகும். அதத்தான் பாத்துக்கிட்டே இருக்கணும். சாட்டையெல்லாம் சனத்துக்கு.”